கல் பட்ட தடமும் சுத்தியல் பட்ட தடமும்

என்ஜினை சிமென்ட் மூட்டையில் போட்டு வைத்திருந்தார்கள். கிராங்க், கனெக்டிங் ராடு, கருகிப்போன பேரிங் எல்லாம் ஒன்றாக. பக்கத்தில் ஆயில் சம்ப், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, மட்டும் தனியாக, துணி விரித்துப் பத்திரமாக. அதன் அடியில் வட்டமாக ஓர் ஒடுக்கு, நடுவில் வெடிப்பு. "கல் அடிச்சிருச்சு சார்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். வண்டியின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தரையைப் பார்த்தபடி நின்றார்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக 22 வருடமாக சம்புகளைப் புரட்டிப் பார்க்கிறேன். ஓடுகிற வண்டியில் கல் பட்டால் முன்னாலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டு போன கீறல் இருக்கும். சுற்றிலும் பழைய அழுக்கு கலையாமல், நடுவில் மட்டும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அது எந்த ஊர்க் கல்?

ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஆயில் சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்திருக்கிறார். காலையில் கோவையிலிருந்து பழனிக்குக் கிளம்பியவருக்கு உடுமலை தாண்டியதும் சிவப்பு ஆயில் லைட் எரிந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். "புது ஆயில் ஊத்தினா சென்சார் அப்படித்தான் சார் காட்டும். மெதுவா ஓட்டிட்டுப் போங்க." ஓட்டினார். 12 கிலோமீட்டரில் என்ஜின் ஜாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகிவிட்டார்களாம். இரண்டு வாஷர் சேர்ந்தால் இறுக்கம் நிற்காது, ஆயில் ஒழுகிவிடும். அங்கே வேலை பார்க்கும் பையன் என்னிடம் மெல்லச் சொன்னது இது.

சரி, இதற்கு ஏன் சுத்தியல்? "பம்பர் டு பம்பர் போட்டிருக்கேனே சார், அதுல வாங்கிடலாம்னு ஒர்க்‌ஷாப்காரர்தான் சொன்னார்."

இந்தப் பெயரை வைத்த புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பம்பர் முதல் பம்பர் வரை எது கெட்டாலும் காசு வரும் என்று ஊரே நம்புகிறது. விஷயம் இவ்வளவுதான்: விபத்தில் சேதமானால் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்போம். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் 50 சதவீதம். அப்படிக் கழிக்காமல் கொடுப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் பிரீமியம். விபத்தே இல்லையென்றால் கழிக்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, தேய்மானம் இவற்றுக்குப் பணம் கிடையாது என்று உங்கள் பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. என்ஜின் புரொடெக்ட் எடுத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததற்கும், வண்டியின் அடியில் அடிபட்டு ஆயில் ஒழுகியதற்கும். மெக்கானிக் சரியாக மாட்டாததற்கு இல்லை. மீண்டும் ஒருமுறை: உங்கள் இன்சூரன்ஸ் விபத்துக்கு. ஒர்க்‌ஷாப்பின் கைப்பிழைக்கு ஒர்க்‌ஷாப்தான் பொறுப்பு.

பொய் க்ளெய்ம் தள்ளுபடியாவது பெரிய நஷ்டமில்லை என்று நினைக்கிறீர்கள். நிஜமான நஷ்டம் வேறு. கல் அடித்தது என்று க்ளெய்ம் ஃபாரத்தில் உங்கள் கையெழுத்தோடு எழுதியாகிவிட்டது. நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் போய் ஒர்க்‌ஷாப்பின் தவறு என்று நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்த ஃபாரத்தைத்தான். யோசனை சொன்னவர் யார், அதனால் தப்பிப்பவர் யார் என்று பாருங்கள்.

(டெஸ்ட் டிரைவில் மெக்கானிக் எங்காவது இடித்தால் அது வேறு கதை. அதையும் உங்கள் பாலிசியிலேயே போட்டுவிடலாம் என்பார்கள். க்ளெய்ம் கேட்காமல் 5 வருடம் சேர்த்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஒரே க்ளெய்மில் போய்விடும். இடித்தவர் செலவிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.)

சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். யார் என்ன சொன்னாலும் ஓட்டாதீர்கள். அந்த 12 கிலோமீட்டருக்கு ஆசிரியரையும் பங்குதாரர் ஆக்கிவிடுவார்கள். போனில் பேசியதை உடனே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: "லைட் எரிகிறது, ஓட்டலாம் என்று சொன்னீர்கள்." டேஷ்போர்டு, கிலோமீட்டர், தரையில் சொட்டும் ஆயில், அடிப்பக்கம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றி, தயவுசெய்து, அதே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீர்கள். வேறு இடத்தில் இறக்கி, பிரிக்கும்போது பழைய ஒர்க்‌ஷாப்காரரை வரச்சொல்லி எழுத்தில் அழையுங்கள். வராவிட்டால் அவர் பாடு. என்ன கோளாறு, எதனால் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுடையவை, வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

ஆசிரியரிடம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது என்ன வேலை என்று எழுதித் தரும் சீட்டு, இல்லை. பில் இருக்கிறதா என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் "ஆயில், ஃபில்டர், கூலி" என்று எழுதி 4,800 ரூபாய் கூட்டியிருந்தது. தேதி இல்லை, வண்டி எண் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் நோட்டில் தேதி போடச் சொன்ன மனிதர். ஜிஎஸ்டி கூடும் என்று பில் வேண்டாம் என்றாராம்.

பில் இருந்தால் வழி இருக்கிறது. நடந்ததை எழுதி, நஷ்டத்தொகையைக் குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

"வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்" என்ற போர்டைப் பார்த்துப் பயந்து திரும்புகிறவர்களும் உண்டு. டெல்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல் 1998-இல் இதையேதான் பார்க்கிங் டோக்கனில் அச்சடித்திருந்தது. கார் திருடுபோனது. தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கேடயமாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் சொல்வது என் வேலையே இல்லை. சர்வேயர் இழப்பை மதிப்பிட்டுவிட்டுப் போக வேண்டியவன். என் அறிக்கையில் எழுத வேண்டியதை எழுதினேன். ஆசிரியர் அன்றைக்கே க்ளெய்மைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கிளம்பும் முன் மூட்டையைக் கொட்டி ஒருமுறை தேடினேன். இரண்டு வாஷரோடு இருந்த அந்த ஃபில்டர் மட்டும் இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.