மஞ்சப்பைக்குள் இருந்த ஐந்து வருடம்

உள்ளே வந்ததும் அந்தப் பெண் மேசைமேல் வைத்தது ஒரு மஞ்சப்பை. ஐந்து வருட ரிப்போர்ட்டுகள், மருந்துச் சீட்டுகள், இரண்டு எக்ஸ்ரே. முடி கொட்டியதற்குத் தோல் டாக்டர், வாய்ப்புண்ணுக்குப் பல் டாக்டர், விரல் வலிக்கு எலும்பு டாக்டர், அசதிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக். வயது முப்பதுகூட ஆகவில்லை.

"எல்லாம் நார்மல்னுதான் சொல்றாங்க மேடம். வேலைக்குப் பயந்து படுத்துக்கிறேன்னு வீட்டுல பேசுறாங்க."

மூட்டுவாதப் பிரிவில் இந்தப் பேச்சை நான் வாராவாரம் கேட்கிறேன். ஒவ்வொரு மருத்துவரும் தன்னிடம் வந்த துண்டைச் சரியாகத்தான் பார்த்திருப்பார். துண்டுகளை ஒட்டிப் பார்க்கத்தான் ஆள் இருந்திருக்காது.

காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "கோலமாவு விரல்ல நிக்காது மேடம். பிள்ளைகளை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்ட பிறகுதான் கை என் சொல் கேக்கும்." கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும். படுத்து எழுந்தால் இறுகி, அசைய அசையத் தளர்ந்தால் அழற்சியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

முகம் எப்போதாவது சிவந்ததா என்றதும் போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனார். தேர்த் திருவிழாவில் எடுத்த படம். இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்திருக்க, மூக்கோரத்து மடிப்பு மட்டும் சிவக்காமல் இருந்தது. வெயிலில் கறுத்துவிட்டதாக நினைத்தாராம். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

பைக்குள் இன்னொன்றும் கிடைத்தது. பதினான்கு மாதம் முந்தைய சிறுநீர் ரிப்போர்ட்டில் புரதம் 2+. 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், திரும்பப் பரிசோதிக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. விரல் இறுக்கம், கன்னச் சிவப்பு, இந்தப் புரதம் எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் என் சந்தேகம் லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் புரதம்தான். அதற்கான பரிசோதனையோ மிக மலிவானது. சிறுநீரகத் திசுப் பரிசோதனை லூபஸ் என்று உறுதிசெய்தது. நல்லவேளை, மருந்தால் மீட்கக்கூடிய நிலையில்தான் இருந்தது.

லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். அசதி, முடி உதிர்வு என்றதும் 'டென்ஷன், ரத்தசோகை' என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ரத்தசோகையும் தைராய்டும் இதே தொல்லைகளைத் தரும். சிக்குன்குன்யாவுக்குப் பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

உடல் தன் செல்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. லூபஸ் உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது பாசிட்டிவாக வரும். ஆனால் நலமாக இருக்கும் 100 பேருக்கு எடுத்தாலும், 1:80 அளவில், அதாவது ரத்த மாதிரியை 80 மடங்கு நீர்க்கச் செய்து பார்க்கும்போது, பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளை வைத்து இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்கள் உண்டு; அந்தத் தாள் மட்டும் நோய் ஆகாது. அதேபோல அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதால் லூபஸ் இல்லை என்றும் ஆகிவிடாது.

வலிக்கு என்று போடும் ஸ்டீராய்டு ஊசியும், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிகளும் வேண்டாம். நாலு நாள் சுகமாக இருக்கும், அடையாளங்கள் மறைந்துபோகும், கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது பழைய ரிப்போர்ட் அத்தனையும் தேதி வரிசையில் கொண்டு வாருங்கள். தடிப்போ வீக்கமோ வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். என்னைப் பார்க்கும் நாளில் அது இருக்காது. கரு கலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், லூபஸுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்குத் தனித்துறையே இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் பெயர் வைக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். சில நோய்கள் முழு உருவம் காட்ட வருடங்கள் எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் 'ஒன்றுமில்லை' என்று நான் சொல்வதில்லை. வலிக்கு மருந்து எழுதி, கூடவே மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியும் எழுதி, சிறுநீர்ப் பரிசோதனையோடு வரச்சொல்லி அனுப்புகிறேன்.