வண்டி நகர்ந்த பிறகும் இரண்டு நொடி

கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் முதல் நாள் என்னிடம் அதிகம் சொல்வது இதுதான்: "கிளட்ச்சை மெதுவாகத்தான் விட்டேன் சார், ஆனாலும் ஆஃப் ஆகிவிட்டது." அவர்கள் சொல்வது பொய்யில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர்களுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருப்பவன் நான். கால் பாதி தூரம் மெதுவாகத்தான் மேலே வருகிறது. வண்டி லேசாக உருண்டதும் "அப்பாடா, கிளம்பிவிட்டது" என்று மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். ஒரு குலுங்கல், இன்ஜின் நின்றுவிடுகிறது.

நிற்கும் வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், சக்கரம் அசையாது. இந்த இரண்டையும் உரசி உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதுதான் கிளட்ச் தட்டின் வேலை. முதல் கியரில் இன்ஜின் 800 சுற்று சுற்ற வேண்டுமென்றால் வண்டி மணிக்கு 6, 7 கிலோமீட்டராவது போக வேண்டும். அரையடி நகர்ந்த வண்டிக்கு அந்த வேகம் எப்படி வரும்? அந்த நேரத்தில் காலை எடுத்தால், வண்டியின் மொத்த எடையும் இன்ஜினை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும்.

அதனால் நான் முதலில் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடுவதில்லை. சமதளமான காலி மைதானம், முதல் கியர், இடது கால் மட்டும். கிளட்ச்சை நூல் நூலாக விடச் சொல்வேன். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு வரும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம், அங்கே கால் நிற்க வேண்டும். வண்டி உருளத் தொடங்கிய பிறகும் அதே இடத்தில் இரண்டு நொடி. அப்புறம் மீதியை விடலாம். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் அந்த இடம் காலுக்கே பழகிவிடும். பிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்ப்பது சுலபம்.

கால் நடுங்குகிறதா? பயம் என்று நினைக்காதீர்கள், முதலில் சீட்டைப் பாருங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். எட்டி எட்டி மிதித்தால் யார் காலும் நடுங்கும்.

மேட்டில் ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்ச் பிடிக்கிற இடத்துக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், வண்டி பின்னால் போகாது. ஆனால் சிக்னலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே, அதாவது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே, வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். தட்டு தேய்ந்து கருகல் வாடை வரும்.

சரி, ஆஃப் ஆகிவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அவசரத்தில் கியரில் இருக்கும்போதே, கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் பல வண்டிகள் முன்னால் ஒரு துள்ளு துள்ளும். எதிரே ஆள் நின்றால் என்ன ஆகும்? பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதியுங்கள், நியூட்ரல் போடுங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு கியரைப் போடும்போது முதல் கியர்தானா என்று பாருங்கள். ஒரு மாணவி ஒரே சிக்னலில் மூன்று முறை ஆஃப் செய்து அழும் நிலைக்கு வந்துவிட்டார். நான் பார்த்தபோது கியர் மூன்றில் இருந்தது. முதலுக்கு மாற்றினார், கிளம்பிவிட்டோம்.