பாலத்தில் ஒளியிழை உணரி: காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பாலம் எவ்வளவு இழுபடுகிறது என்று கண்ணாடி இழை வழியே ஒளியை அனுப்பி அளப்பது ஒளியிழை உணரி. அதன் பெயரைச் சொன்னதுமே ‘கட்டுப்படியாகாது’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். செலவு இழையில் இல்லை, அதைப் படிக்கும் இன்டராகேட்டர் என்ற கருவியில்தான் இருக்கிறது. இழையில் பதித்த பிராக் கிரேட்டிங் (நுண்ணிய வரிவரியான அமைப்பு) ஒரே ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் அந்த அலைநீளம் நகரும்: 1550 நானோமீட்டரில், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இழுபடுவதற்கு) சுமார் 1.2 பிக்கோமீட்டர். இந்த நுணுக்கத்துக்குத்தான் அந்த விலை.

லாரி ஓடும்போது வரும் அதிர்வைப் பதிய வேண்டுமானால் கருவி பாலத்திலேயே இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்க அது தேவையில்லை. இழுபடுவதை மின்தடை மாற்றத்தால் அளக்கும் மின்தடை கேஜில், கருவியைக் கழற்றி மாட்டினால் பழைய பூஜ்யத்தை நம்ப முடியாது. கிரேட்டிங்கின் அளவோ அலைநீளத்திலேயே இருக்கிறது; கருவியைக் கழற்றி மாட்டினாலும் மாறாது. இது புதிதும் அல்ல; கனடாவின் கால்கரியில் 1993-இல் கட்டிய பெடிங்டன் டிரெயில் பாலத்திலேயே இவ்வகை உணரிகளைப் பதித்துவிட்டார்கள். ஆகவே பாலத்தில் எஸ்சி/ஏபிசி என்ற வகை ஒளியிழை கனெக்டருடன் ஒரு பெட்டி மட்டும் இருக்கட்டும். ஒரே கருவியைப் பல பாலங்களுக்கு எடுத்துப் போகலாம். கருவிக்குள் அசிட்டிலீன் வாயுக்குப்பி போன்ற நிலையான அலைநீள ஒப்பீடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவுக் கருவி காட்டும் எண்ணை அடுத்த ஆண்டு எண்ணோடு ஒப்பிட முடியாது.

வெப்பநிலை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெப்பநிலையை மட்டும் அளக்க, ஒட்டாமல் தளர்வாக ஒரு கிரேட்டிங்கையும் வையுங்கள். அது 1 டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர் நகரும். எஃகில் ஒட்டியது ஏறத்தாழ 24. பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஒட்டியது 360, தளர்ந்தது 150. கழித்தால் மீதி 210, அதாவது 175 மைக்ரோஸ்ட்ரெயின். இதைச் சுமை என்று எடுத்து 35 மெகாபாஸ்கல் தகைவு எனக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. தடையின்றி விரியும் கர்டரில் (பாலத்தைத் தாங்கும் உத்தரத்தில்) அது வெறும் வெயில்தான். எஃகின் விரிவையும் கழித்தாக வேண்டும்.

ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். இழையை லேசாக இழுத்துப் பிடித்து, மெல்லிய எபாக்சி பூசுங்கள். இழையின் மேல் அக்ரிலேட் உறை இருந்தால் அது மென்மையானது, நாளடைவில் நழுவும். பாலிஇமைடு உறை நல்லது. பசை சீராக இல்லாவிட்டால் திரும்பிவரும் ஒளியின் முகடு இரண்டாகப் பிளந்து, கருவி காட்டும் எண் இங்கும் அங்கும் தாவும். பசை இறுகியதும் நிறமாலையை (திரும்பிவரும் ஒளியின் வரைபடத்தை) பின்னால் ஒப்பிடச் சேமித்துவையுங்கள். கான்கிரீட்டில் 1 சென்டிமீட்டர் கிரேட்டிங் ஒரு ஜல்லியின் கதையைத்தான் சொல்லும். அங்கே 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு முனையும் பிடித்த நீளமான வகை உணரியே சரி.

இழை அதிகம் அறுவது பசையிலிருந்து வெளிவரும் இடத்தில்தான். அங்கே மென்குழாய் மாட்டி, 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைத்துவிடுங்கள். இழையின் இரு முனையையும் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால், நடுவில் அறுந்தாலும் இரு பக்கமிருந்தும் படிக்கலாம். அதற்கான கூடுதல் செலவு ஒரு கனெக்டரும் திரும்பிவரும் கேபிளும்தான்.