இயல்பை விட 2 டிகிரி அதிகம் என்றால், எந்த இயல்பு?

1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவில் எல் அசீசியா என்ற ஊரின் வானிலைக் குறிப்பேட்டில் ஒருவர் 58 டிகிரி செல்சியஸ் என்று எழுதி வைத்தார். பூமியில் அளக்கப்பட்ட மிக அதிக வெப்பநிலை அதுதான் என்று பல தலைமுறைகள் படித்து வளர்ந்தன. சரியாக 90 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் 13 அன்று, உலக வானிலை அமைப்பு அந்த எண்ணைச் சாதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

காரணம் அந்த மாதத்தின் மூலத் தாளிலேயே இருந்தது. 11ஆம் தேதியிலிருந்து கையெழுத்து மாறியிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்தவர் உச்ச வெப்பத்தைக் குறைந்தபட்சத்துக்கான கட்டத்திலும், குறைந்தபட்சத்தை உச்சத்துக்கான கட்டத்திலும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். அங்கே இருந்தது லாடம் போல வளைந்த குழாய் கொண்ட பழைய மாதிரி வெப்பமானி. பாதரசம் ஏறும்போது ஒரு சிறு ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும். பாதரசம் இறங்கினாலும் ஊசி தொட்ட உயரத்திலேயே நின்றுவிடும். அந்த ஊசியின் கீழ்முனையைத்தான் படிக்க வேண்டும். தவறி மேல்முனையைப் படித்தால் ஏறத்தாழ 7 டிகிரி கூடிவிடும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வுக் குழு முடிவு செய்தது. சுற்றுவட்டார நிலையங்களின் பதிவுகளோடும் அந்த 58 ஒட்டவில்லை. இன்று அந்த இடத்தில் இருப்பது 1913 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி.

ஒரு நகரத்தின் இந்த வருட வெயிலையும் மழையையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட உட்காரும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கதையைத்தான் என்று நினைக்கிறேன். ஒப்பிடுவது என்பது கடைசியில் வெறும் கழித்தல் கணக்கு. ஆனால் கழிக்கப்படும் இரண்டு எண்களும் ஒரே பொருளைத்தான் அளந்தனவா என்று பார்ப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் வெப்பநிலை. "இன்று 38 டிகிரி" என்றால் எதன் வெப்பம்? தார்ச்சாலையின் வெப்பமும் இல்லை, நம் தோலில் உறைக்கும் வெயிலும் இல்லை. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரையிலான உயரத்தில், நிழலில், காற்றோட்டத்தோடு இருக்கும் காற்றின் வெப்பம். அந்த நிழலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உண்டாக்குவதற்காகத்தான் ஸ்டீவன்சன் பெட்டி வந்தது. கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வடிவமைத்தது அது. வெள்ளை பூசிய மரப்பெட்டி, நான்கு பக்கமும் சாய்வான இரட்டைச் சட்டங்கள். காற்று உள்ளே புகும், வெயிலும் மழையும் புகாது. வட அரைக்கோளத்தில் கதவு வடக்கே பார்த்துத் திறக்கும், கருவியைப் படிக்கிற அந்த அரை நிமிடத்திலும் சூரியன் நேராக விழாமலிருக்க.

அதற்கு முன்பு? பெரும்பாலும் வடக்குச் சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு வெப்பமானி. கோடைக் காலையில் சாய்ந்து வரும் வெயில் அதன்மேல் பட்டுவிடும்; சுவர் பகலில் வாங்கிய சூட்டை மாலையில் கக்கும். ஆகவே 1820இன் கோடையை 2020இன் கோடையோடு அப்படியே வைத்துப் பார்த்தால், பாதி நேரம் சுவரையும் பெட்டியையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

அப்புறம், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்ற கேள்வி. கேட்கச் சிறியதாக இருக்கும், ஆனால் பெரிய குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன. உச்ச வெப்பமானி தொட்ட உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருவர் வந்து படித்து, அதைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். ஒருவர் தினமும் மாலை 5 மணிக்கு இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று கொளுத்துகிற வெயில், 5 மணிக்கே 38 டிகிரி இருக்கிறது. அவர் திருப்பி வைத்த மறுநொடி கருவி மறுபடி 38ஐக் காட்டும். நாளை மேகமூட்டம், உச்சம் 32தான். ஆனால் நாளை மாலை அவர் கருவியில் பார்ப்பது 38. ஒரே வெயில் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலையில் படிப்பவர்களுக்கு இதே தவறு தலைகீழாக நடக்கும். குளிர்ந்த விடியல் ஒன்று இரண்டாக எண்ணப்படும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் 20ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். நாடே குளிர்ந்துவருவது போன்ற ஒரு பொய்ச் சரிவு பதிவுகளில் உண்டாயிற்று. அதைத் திருத்தாமல் வரையப்படும் வரைபடங்களை நான் நம்புவதில்லை.

கருவியும் நேரமும் சரியாக இருந்தாலும் நிலையம் இடம் மாறலாம். டோக்கியோவின் வானிலை நிலையம் 2014 டிசம்பரில் அலுவலகக் கட்டடங்கள் நெருக்கும் பகுதியிலிருந்து அருகிலுள்ள கிட்டனோமாரு பூங்காவுக்குப் போனது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கியது. இரவு வெப்பநிலை அதைவிட அதிகமாக இறங்கியது. நல்ல வேளையாக, ஜப்பானிய வானிலைத் துறை மாற்றத்துக்கு முன்பே சில ஆண்டுகள் இரண்டு இடங்களிலும் சேர்த்து அளந்து வைத்திருந்தது. அதனால் எவ்வளவு வித்தியாசம் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லா ஊருக்கும் அந்த வசதி இல்லை. இடமாற்றம் எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் போயிருந்தால், அக்கம்பக்க நிலையங்களிடம்தான் கேட்க வேண்டும். நம் நிலையத்தின் எண்ணிலிருந்து பக்கத்து நிலையத்தின் எண்ணை மாதாமாதம் கழித்து ஒரு கோடு வரைவார்கள். வெப்ப அலை வந்தால் இரண்டு ஊரிலும் வரும், ஆகவே கழித்தலில் அது மறைந்துவிடும். கோடு கிடையாகப் போய்க்கொண்டிருந்து ஒரு மாதத்தில் சட்டென்று படி இறங்கினால், அந்த மாதத்தில் வானம் மாறவில்லை, பெட்டிதான் நகர்ந்திருக்கிறது என்று பொருள். பல பக்கத்து நிலையங்களை வைத்து இப்படிச் சரிபார்த்துத் திருத்துவதைச் சீராக்கம் என்பார்கள். பதிவுகளில் கைவைக்கிறார்கள் என்று இதன்மேல் சந்தேகப்படுபவர்கள் உண்டு. கை வைக்காமல் விட்டால்தான் பொய் என்பது டோக்கியோவைப் பார்த்தாலே புரியும்.

நிலையம் நகராமல் நகரம் அதை நோக்கி நகர்ந்து வந்தால்? கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்குள்ளும் வெளியிலும் கிடைத்த அளவுகளை வைத்துப் பார்த்து, நகரத்தின் இரவுகள் சராசரியாக 2 டிகிரி வெதுவெதுப்பாக இருப்பதை 1818லேயே எழுதிவிட்டார். இந்த நகர வெப்பத்தைக் கழித்துவிட வேண்டுமா? கேள்வியைப் பொறுத்தது. பூமி எவ்வளவு சூடேறியது என்று கேட்பவர் அதைக் கழித்தே ஆக வேண்டும். இந்த நகரத்தில் முதியவர்கள் இரவில் தூங்க முடிகிறதா என்று கேட்பவருக்கு அதுவும் நிஜமான வெப்பம்தான்; கழித்தால் உண்மையை மறைத்ததாகிவிடும். பகல் உச்சத்தைவிட இரவின் குறைந்தபட்சத்தை முதலில் வரைந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நகரம் வளர்ந்த கதை அதில்தான் தெளிவாகத் தெரியும்.

சரி, எண்கள் சுத்தமாகிவிட்டன. எதோடு ஒப்பிடுவது? செய்தியில் வரும் "இயல்பு" என்பது 30 ஆண்டுகளின் சராசரி. 1935இல் வார்சாவில் கூடிய வானிலை அமைப்புகளின் தலைவர்கள் 1901 முதல் 1930 வரையிலான காலத்தைப் பொது அளவுகோலாக வைத்தார்கள். இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை இது நகரும். விவசாயிக்கும் மின்வாரியத்துக்கும் இது வசதி, அண்மைக்கால வழக்கம் என்னவென்று சொல்லும். ஆனால் ஊர் சூடேறிக்கொண்டே வந்தால் அளவுகோலும் கூடவே ஏறும். இந்தக் கோடை "இயல்பானது" என்று அறிவிக்கப்படலாம், அதே கோடை தாத்தா காலத்து அளவுகோலில் கடும் வெயிலாக இருந்திருக்கும். அதனால்தான் நீண்ட கால மாற்றத்தைப் பார்ப்பதற்கென்று 1961–1990ஐ நகர்த்தாமல் தனியாக வைத்திருக்கிறது உலக வானிலை அமைப்பு. எந்த இயல்பு என்று சொல்லாமல் தரப்படும் விலகலுக்கு அர்த்தமே இல்லை.

அளவுகோல் சரியாக இருந்தால் பழைய ஏடு எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம். மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரிகள் 1659இலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. உலகில் கருவிகளால் அளக்கப்பட்ட மிக நீண்ட வெப்பநிலை வரிசை அதுதான். 1961–1990 இயல்பின்படி அங்கே ஜூலை மாதச் சராசரி 16.1 டிகிரி. 1816 ஜூலையில் 13.4. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் வெடித்த தம்போரா எரிமலையின் தூசுத்திரை, பாதி உலகம் தாண்டி, ஏட்டின் ஒரு கட்டத்தில் 2.7 டிகிரிச் சரிவாகத் தெரிகிறது. அந்த வரிசையில் அதைவிடக் குளிர்ந்த ஜூலை வேறில்லை.

மழைக்கு வருவோம். மழை இன்னும் பிடிவாதக்காரன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இதில் சிக்கல் இல்லை. ஆனால் மழைமானியின் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுகூட இருக்காது. அதில் விழுந்ததை வைத்துத்தான் ஒரு நகரத்துக்கே கணக்குச் சொல்கிறோம். அது எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று 1760களில் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் காட்டினார். ஒரு மழைமானியை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கோபுரத்தின் மேல் வைத்தார்; ஒன்றைப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூரையில்; ஒன்றைத் தரையில். ஓராண்டு முடிவில் தரையில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, கோபுரத்தில் வெறும் 12.1. ஒரே மழை! உயரத்தில் காற்று வேகமாக அடிப்பதால் கருவியைச் சுற்றிச் சுழல் உண்டாகித் துளிகளை வாய்க்கு வெளியே தள்ளிவிடுகிறது என்று 1861இல் விளக்கியவர் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். ஆகவே கூரையில் நின்ற மழைமானி ஒரு நாள் தோட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தால், மழை பெருகியது போல ஏடு காட்டும்.

தேதியும் ஏமாற்றும். பெரும்பாலான இடங்களில் மழைமானியைக் காலையில்தான் படிக்கிறார்கள். 31ஆம் தேதி இரவு கொட்டிய மழையைச் சில நாடுகள் மறுநாள் தேதியில், அதாவது அடுத்த மாதக் கணக்கில் எழுதுகின்றன. சில நாடுகள் முந்தைய நாளுக்கே திருப்பி எழுதுகின்றன. பருவத்தின் விளிம்பில் ஒரு பெருமழை பெய்தால் இது பருவத்தின் மொத்தத்தையே மாற்றிவிடும்.

மழைக்குச் சராசரி சரிப்பட்டு வராது என்பது என் அழுத்தமான கருத்து. ஐந்து ஆண்டு மழை 700, 800, 850, 900, 2000 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1050. ஐந்தில் நான்கு ஆண்டுகள் "சராசரிக்குக் கீழே"! ஒரே ஒரு வெள்ள ஆண்டு எல்லோரையும் பற்றாக்குறைக்காரர்களாக்கிவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 850ஐ எடுத்தால் ஊரின் வழக்கம் தெரியும். மொத்தத்தோடு நிற்காமல் மழை பெய்த நாட்களையும் எண்ண வேண்டும். 60 நாளில் பெய்த 1200 மி.மீ. ஏரியை நிரப்பும், நிலத்தடிக்கு இறங்கும். அதே 1200, 40 நாளில் பெய்தால் வடிகாலில் ஓடிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. மொத்தம் மாறாத ஊரிலும் ஒரு நாளில் கொட்டும் அளவு கூடுவதற்கு இதுவே காரணம்.

கடைசியாகச் சாதனைகள். "இதே தேதியில் இதுவரை இல்லாத வெயில்" என்ற செய்தி எவ்வளவு பெரிய செய்தி? பதிவு தொடங்கிய முதல் ஆண்டில் எல்லா நாளும் சாதனைதான். இரண்டாம் ஆண்டில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 100ஆம் ஆண்டில், காலநிலை மாறவே இல்லை என்றால், ஒவ்வொரு தேதிக்கும் நூற்றில் ஒரு வாய்ப்பு. வருடத்துக்கு மூன்று நான்கு வெயில் சாதனைகள் தற்செயலாகவே விழும். 30 ஆண்டுப் பதிவு மட்டுமே உள்ள ஊரில் 12 விழும். ஆகவே ஒரு சாதனையைக் கேட்டதும் ஏட்டின் வயதைக் கேளுங்கள், பழைய எண்ணை எவ்வளவு தாண்டியது என்றும் கேளுங்கள். பாரிஸில் 1947 ஜூலையில் பதிவான 40.4 டிகிரி 72 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2019 ஜூலை 25 அன்று அது 42.6 ஆனது. இவ்வளவு நீண்ட வரிசையில் சாதனைகள் வழக்கமாக அரை டிகிரி, கால் டிகிரி என்றுதான் முறியும், இது 2.2 டிகிரி தாண்டியது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, எளிமையானது. காலநிலை நிலையாக இருந்தால் வெயில் சாதனைகளும் குளிர் சாதனைகளும் காலப்போக்கில் சம எண்ணிக்கையில் வர வேண்டும். அமெரிக்க நிலையங்களில் 1950களில் அப்படித்தான் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. 2000த்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் ஒரு குளிர் சாதனைக்கு இரண்டு வெயில் சாதனைகள் வந்திருந்தன.