தென்துருவம் போகும் மாநில விமானங்கள்

தென்துருவத்தில் இருக்கும் அமெரிக்க ஆராய்ச்சி நிலையத்துக்குச் சரக்கு இறக்க வரும், ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகை பொருத்திய எல்சி-130 விமானத்தின் நான்கு இன்ஜின்களையும் தரையில் இருக்கும்போதுகூட அணைப்பதில்லை. அணைத்துவிட்டால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்புமா என்பது சந்தேகம். சில சமயம் விமானம் நிற்பதுகூட இல்லை. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னே நகரும். கட்டிவைத்த சரக்கு, விமானத்துக்குள் இருக்கும் உருளைகள் மேல் வழுக்கிக்கொண்டு பனியில் இறங்கிவிடும். இதைச் செய்வது அமெரிக்க விமானப்படையின் முழுநேரப் பிரிவு அல்ல. நியூயார்க் மாநில கவர்னரின் கீழ் இருக்கும் ஒரு படை. அதில் பலர் பகுதிநேரக்காரர்கள். மாதத்தில் ஒரு வாரக்கடைசியும் ஆண்டுக்கு 15 நாட்களும்தான் அடிப்படைக் கணக்கு.

ஒரு மாநிலத்துக்கு எதற்கு விமானப்படை என்று நமக்குத் தோன்றும். அமெரிக்க அரசியல் சட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது: குடிமக்களையே ஆட்களாகக் கொண்ட குடிப்படைக்கான விதிகளை நாடாளுமன்றம் வகுக்கும், பயிற்சி கொடுப்பதும் அதிகாரிகளை நியமிப்பதும் மாநிலங்களின் பாடு. குதிரையும் துப்பாக்கியும் இருந்த காலத்து ஏற்பாடு அது. 1915 நவம்பரில் ரேனல் போலிங் என்ற வக்கீல், லாங் ஐலண்டில் உள்ள மினியோலாவில் அந்தக் குடிப்படையின் வழிவந்த மாநிலக் காவல்படைக்கென ஒரு விமானப் படைக்குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மெக்சிகோ எல்லைத் தகராறின்போது மத்திய அரசு அதைப் பணிக்கு அழைத்தது. ஆனால் மினியோலாவை விட்டு அது நகரவே இல்லை. 1947 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க விமானப்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனியானபோது, ஏர் நேஷனல் கார்டு எனப்படும் விமானக் காவல்படையும் அதிகாரபூர்வமாகப் பிறந்தது.

இரண்டு எஜமானர்களிடம் ஒரே ஆள் எப்படி வேலை பார்ப்பது? யார் உத்தரவு, யார் சம்பளம் என்ற இரண்டு கேள்வியில் விஷயம் அடங்கிவிடும். பனிப்புயல், வெள்ளம் என்றால் கவர்னர் உத்தரவிடுவார், மாநிலமே செலவைப் பார்த்துக்கொள்ளும். வழக்கமான பயிற்சிக்கு உத்தரவு கவர்னருடையது, பணம் மத்திய அரசுடையது. போர் என்று ஜனாதிபதி அழைத்துவிட்டால் இரண்டுமே மத்திய அரசுடையவை. கவர்னர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். நியூயார்க்கில் இப்படிப் பறக்கும் 'விங்'குகள், அதாவது பெரிய படைப்பிரிவுகள், ஐந்து. அந்த மாநிலத்தின் ஸ்கோஷியா என்ற ஊரில் இருக்கும் 109ஆவது விங்கிடம்தான் பனியில் இறங்கும் விமானங்கள் இருக்கின்றன.

இந்தப் பிரிவு 1948இல் பி-47 தண்டர்போல்ட் சண்டை விமானங்களோடு தொடங்கியது. 1975இல் வேறு வேலை வந்து சேர்ந்தது. சோவியத் குண்டுவீச்சு விமானங்களைக் கண்காணிக்க கிரீன்லாந்தின் பனிமேட்டில் அமெரிக்கா வைத்திருந்த ரேடார் நிலையங்களுக்கு எண்ணெயும் சாப்பாடும் கொண்டுபோக வேண்டும். 1988இல், அண்டார்க்டிகாவில் இதே மாதிரி ஸ்கீ விமானங்களை ஓட்டிவந்த அமெரிக்கக் கடற்படைக்கு உதவப் போனார்கள். 1999இல் அந்த வேலை முழுவதும் இவர்கள் கைக்கே வந்துவிட்டது. என் கணிப்பில் இது தற்செயல் இல்லை. முழுநேர விமானப்படையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்கள். காவல்படைக்காரர் அதே ஊரில், அதே பிரிவில் இருபது வருஷம் இருப்பார். பனியில் இறங்குவது புத்தகத்தில் படித்து வருகிற வித்தை இல்லை.

சரி, விமானம் பனியில் எப்படி நிற்கிறது? முதன்மைச் சக்கரங்களை ஒட்டி இரண்டு ஸ்கீ பலகைகள், ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். மூக்குச் சக்கரத்துக்கு அதில் பாதி நீளத்தில் இன்னொன்று. கெட்டியான ஓடுபாதை என்றால் ஸ்கீயை மேலே தூக்கிவிட்டுச் சக்கரத்தில் இறங்கலாம். முழுச் சுமையோடு விமானம் ஏறத்தாழ 70 டன். அதை மூன்று ஸ்கீக்களின் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவை ஒட்டித்தான் வரும். ஒற்றைக்காலில் நிற்கும் மனிதரின் பாதம் இதைவிடக் கூடுதலாக அழுத்தும்!

அமிழாமல் நிற்பது ஒரு பாதிதான். வழுக்க வேண்டுமே! ஸ்கீ உரசும்போது உண்டாகும் சூட்டில் பனியின் மேற்பரப்பு லேசாக இளகுவதால்தான் வழுக்கல் கிடைக்கிறது. மைனஸ் 40, 50 டிகிரியில் அது சரியாக நடப்பதில்லை. பனி மணல் மாதிரி இழுக்கும். அதனால் ஸ்கீயின் அடியில் டெஃப்லான் பூச்சு, நம் தோசைக்கல்லில் இருக்கிற அதே சரக்கு. நின்றுவிட்டாலோ வேறு தொல்லை: உரசலில் சூடான அடிப்பகுதி ஆறும்போது பனியோடு ஒட்டிக்கொள்ளும். 1956 அக்டோபர் 31 அன்று தென்துருவத்தில் முதன்முதலாக இறங்கிய கடற்படை விமானத்துக்கு இதுதான் நடந்தது. முக்கால் மணி நேரம்போல நின்றதில் ஸ்கீ உறைந்துவிட, பக்கவாட்டில் மாட்டியிருந்த 15 ராக்கெட்டுகளையும் கொளுத்தித்தான் கிளம்ப முடிந்தது. துருவம் 2,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்றும் மெலிந்தது. இன்ஜின், இறக்கை இரண்டுக்குமே அது பாதகம். எல்சி-130உம் வெகுகாலம் ராக்கெட் உதவியை நம்பியிருந்தது. எட்டு இதழ் புரொபெல்லர்கள் வந்த பிறகு அந்தத் தேவை குறைந்துவிட்டது.

தயார் செய்யாத பனிவெளி என்றால் உடனே இறங்குவதில்லை. ஸ்கீயைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடி, நிற்காமல் மேலே எழும்பி, ஒரு சுற்று சுற்றி வந்து தன் தடத்தைத் தானே பார்ப்பார்கள். தடத்தின் குறுக்கே கருங்கோடு தெரிந்தால் அடியில் பிளவு இருக்கிறது, அங்கே வேண்டாம்.

அப்புறம், திசை. துருவத்தில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வருவதால், நேராகப் பறந்தாலும் திசை எண் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதனால் வரைபடத்தின் மேல் ஒரு கட்டத்தாளை விரித்த மாதிரி செயற்கையான 'வடக்கு' ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். பல விமானங்களில் வழி கணக்கிடும் நேவிகேட்டரின் இருக்கை போய் வெகுநாளாகிறது. இதில் இன்னும் இருக்கிறது.

1999 அக்டோபரில் துருவ நிலையத்தின் மருத்துவருக்கே புற்றுநோய். வழக்கமான பருவம் தொடங்க இன்னும் நாளிருந்தது. குளிர் மைனஸ் 50ஐ ஒட்டி இருந்தது, ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டியாகி ரப்பர் வளையங்கள் உடையக்கூடிய குளிர். ஸ்கோஷியாக்காரர்கள் அண்டார்க்டிகாவின் கரையோரம் இருக்கும் அமெரிக்க நிலையமான மக்முர்டோவிலிருந்து 1,350 கிலோமீட்டர் பறந்துபோய் இறங்கினார்கள். மாற்று மருத்துவரை இறக்கிவிட்டு நோயாளியை ஏற்றிக்கொண்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இன்ஜின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.