‘மத சகோதரி’ என்று ஒருவர் இல்லை

துறவற வாழ்வில் 50, 60 ஆண்டுகளை நிறைவு செய்த அருட்சகோதரிகளை மேடையேற்றிப் பாராட்டும் நல்ல வழக்கம் பெங்களூருத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இருக்கிறது. விழாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் அழைப்பிதழில்தான். இந்நகரத்தில் இத்தகைய அழைப்பிதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, பிறகு கன்னடத்துக்கும் தமிழுக்கும் பெயர்க்கப்படுகின்றன. பெயர்ப்பவர் இப்போதெல்லாம் மனிதராக இருப்பதும் அரிது. அண்மையில் என் கைக்கு வந்த அட்டை ஒன்றில், ‘தங்கள் வாழ்நாள் சேவை மற்றும் அமைச்சகத்திற்காக மத சகோதரிகள் கௌரவிக்கப்படுகிறார்கள்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதே அட்டையின் உள்பக்கத்தில் அதே முதியவர் ‘கன்னியாஸ்திரி’ ஆகியிருந்தார். நிகழ்ச்சி நிரலில் வெறும் ‘சிஸ்டர்’. ஒரே அட்டையில் ஒருவருக்கு மூன்று பெயர்கள் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘மத சகோதரி’யைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் செய்திகளிலும், ஆலய வாசல் ஃபிளெக்ஸ்களிலும், தமிழ்ச் செய்தித் தளங்களிலும் இச்சொல் பரவிவருவதால், இதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவது நல்லது.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது: ஆங்கில ‘ரிலீஜியஸ் சிஸ்டர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் ‘மத சகோதரி’. அந்த ‘ரிலீஜியஸ்’ஸுக்கு மூலமான இலத்தீன் ‘ரெலிகியோ’வின் வேர் ‘திரும்பத் திரும்ப ஓர்தல்’ என்பார் உரோமைப் பேச்சாளர் சிசெரோ. ‘பிணைத்தல்’ என்பார் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்சியுஸ். இடைக்காலத் திருச்சபை இரண்டாவது பொருளையே இறுகப் பற்றிக்கொண்டு, வாக்குறுதியால் தம்மைக் கடவுளோடு பிணைத்துக்கொண்டவரை ‘ரெலிகியோசுஸ்’ என்றது. ஆக, ஆங்கிலத் திருச்சபை வழக்கில் ‘ரிலீஜியஸ்’ என்பது இவ்விடத்தில் ‘மதம் சார்ந்த’ என்று பொருள்படும் பெயரடை அன்று. ஒரு வாழ்க்கை நிலையின் பெயர். ஆண்களையும் அச்சொல்லால் குறிப்பார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 607ஆம் விதி, பொதுவில் எடுக்கும் வார்த்தைப்பாடுகளையும் (துறவற வாக்குறுதிகளையும்) கூடி வாழும் வாழ்வையும் இந்நிலையின் அடையாளங்களாகச் சொல்கிறது. இதில் ‘மதம்’ எங்கே வருகிறது? ஞாயிறுதோறும் திருப்பலி காணும் எந்தப் பெண்ணும் மதப்பற்றுள்ளவர்தான்; அதனால் அவர் ‘ரிலீஜியஸ் சிஸ்டர்’ ஆகிவிடமாட்டார்.

ஆண்களைக் குறிக்கும்போது நம் திருச்சபைத் தமிழ் இத்தவற்றைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆயரின் (பிஷப்பின்) கீழ் உள்ள மறைமாவட்டக் குருக்கள் ஒருபுறம், சபைகளைச் சேர்ந்த துறவறக் குருக்கள் மறுபுறம் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ‘மதக் குருக்கள்’ என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது மொழிபெயர்ப்பவருக்குத் தெரியும். பெண்கள் என்று வந்ததும் அந்த எச்சரிக்கை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பெங்களூரில் இச்சொல்லுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. கன்னடத்தில் ‘தர்மபகினி’ என்கிறார்களே, இந்தியிலும் ‘தர்ம பஹன்’ இருக்கிறதே, தமிழில் மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள். கூடாது என்பதற்குக் காரணம் அந்தத் ‘தர்ம’த்திலேயே இருக்கிறது. கன்னடத்தில் ‘தர்ம’ என்பது சமயத்தையும் குறிக்கும், அறத்தையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். அந்த விரிவில் அச்சொல் கண்ணியமாக நிற்கிறது. தமிழில் ‘மதம்’ அப்படி விரிவதில்லை. இன்றைய தமிழில் அது எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: மதவெறி, மதக்கலவரம், மதவாதம், மதமாற்றம். இந்த வரிசையில், பிணிதீர்க்கும் விடுதியில் 40 ஆண்டு புண் கழுவிய ஒரு மூதாட்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது, பாராட்டு விழாவில் செய்யத்தக்க காரியமா? செய்தித் தலைப்பில் ‘மத சகோதரி’ என்று படிக்கும் பொதுவாசகர் அவரை மதப் பரப்புரையாளர் என்றே எடுத்துக்கொள்வார். நாடு இருக்கும் இருப்பில் அது வெறும் சொற்குற்றத்தோடு நிற்பதில்லை. (இலக்கணம் வேறு: வேண்டுமென்றே எழுதுவதானாலும் அது ‘மதச் சகோதரி’யாக வேண்டும். ஒற்றுக்கூட இல்லாமல் வருவதே இது ஆள் கைபட்ட சொல்லன்று என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.) ‘மதம்’ வடசொல், ஆகவே ‘சமயச் சகோதரி’ என்று திருத்தலாம் என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். தவறான பொருளுக்குத் தூய சொல் கிடைத்துவிட்டால் பொருள் சரியாகிவிடுமா?

இனிக் ‘கன்னியாஸ்திரி’. இது ‘மத சகோதரி’யைப் போல நேற்று முளைத்ததன்று, மலையாளத்திலும் இதுவே வழக்கு. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்கு வரும் மூத்த தமிழ்ப் பெண்கள் வாயில் இது இன்னும் இயல்பாக வருகிறது; அவர்களை நான் திருத்தப்போவதில்லை. ஆனால் எழுத்தில், அதுவும் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் போற்றும் எழுத்தில், இச்சொல் ஒவ்வாது என்பது என் கட்சி. வடமொழிச் சொல் என்பதற்காக நான் இதை மறுக்கவில்லை, ‘சகோதரி’யும் வடமொழிதான். ஒரு பெண் தன் உடம்பால் என்னவாக இருக்கிறாள் என்பதை மட்டுமே இது சொல்கிறது. அவள் என்ன வாக்குக் கொடுத்தாள், என்ன செய்தாள் என்பதைச் சொல்வதேயில்லை. அந்த வாக்குகளோ மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். முதலாவதை வைத்துப் பெயரிட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது எந்த நியாயம்?

மேலும், வரலாறே இச்சொல்லை ஏற்பதில்லை. 1610இல் பிரான்சிஸ் சலேசியாருடன் சேர்ந்து விசிட்டேஷன் சபையைத் தொடங்கிய ஜேன் பிரான்சிஸ் தெ ஷாந்தால் பிள்ளைகள் பெற்ற கைம்பெண். 1633இல் வின்சென்ட் தெ பவுலோடு இணைந்து பிறரன்புப் புதல்வியரை உருவாக்கிய லூயிஸ் தெ மரிலாக்கும் கைம்பெண், ஒரு மகனுக்குத் தாய். அமெரிக்காவில் 1809இல் சபை நிறுவி, 1975இல் புனிதராக உயர்த்தப்பட்ட எலிசபெத் ஆன் சீட்டன் ஐந்து பிள்ளைகளின் தாய். இவர்களை ஒருவர் ‘கன்னியாஸ்திரி’ என்று எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டு எழுதுகிறார்? போதாக்குறைக்கு, சட்டத்தொகுப்பின் 604ஆம் விதி ‘கன்னியர்’ என்ற தனி நிலையையே வரையறுக்கிறது: ஆயரின் கையால் அர்ப்பணம் பெற்று, மடமோ சபையோ இல்லாமல், தம் வீட்டிலும் அலுவலிலும் இருந்தபடி வாழ்பவர்கள் அவர்கள். ‘கன்னியர்’ என்ற சொல்லுக்கு முதல் உரிமை அவர்களுடையது. அதைச் சபைச் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு எதைக் கொடுப்பது?

ஆங்கிலத்தில் ‘நன்’ வேறு, ‘சிஸ்டர்’ வேறு என்பதையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. அடைபட்ட மடத்துள் செபவாழ்வு வாழ்பவர் முன்னவர். கார்மேல் மடத்தார் அதற்கு எடுத்துக்காட்டு. தெருவிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இருப்பவர் பின்னவர். இந்த வேறுபாட்டுக்குப் பின்னே பெரிய போராட்டமே இருந்தது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (போப் ஐந்தாம் பயஸ்) துறவறப் பெண்கள் எல்லோரையும் மடத்துள் அடைக்க ஆணையிட்டார். அந்த அடைப்பிலிருந்து தப்பத்தான் வின்சென்ட் தெ பவுல் தம் புதல்வியருக்கு நோயாளியின் வீடே மடம், நகரத் தெருக்களே உள்முற்றம் என்று சொல்லிவைத்தார். வெளியே சென்று உழைக்கும் சபைகளின் உறுப்பினரையும் முழுத் துறவறத்தார் என்று உரோமை ஒப்புக்கொண்டது 1900இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) காலத்தில். நல்லாயன் சகோதரிகள் பெங்களூருக்கு வந்தது 1854இல். அவர்கள் செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனையைத் தொடங்கியது 1886இல். அதாவது சட்டம் ஒப்புக்கொள்ளும் முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்களை அடைபட்ட மடத்தின் சொல்லால் அழைப்பது அவர்கள் உழைப்பை மறைப்பதாகும்.

‘சிஸ்டர்’ என்றே விட்டுவிடலாமே என்பவருக்கும் ஒரு சொல். பேச்சில் தாராளமாக விட்டுவிடலாம். ‘சிஸ்டரம்மா’ என்று விளிப்பதில் உள்ள நெருக்கம் வேறு எந்தச் சொல்லிலும் வராது. ஆனால் மருத்துவமனையில் செவிலியர் அனைவரும், எந்தச் சமயத்தாராயினும், ‘சிஸ்டர்’தான். ஊசி போட வரும் பெண்ணும், அந்த மருத்துவமனையையே நடத்தும் துறவியும் ஒரே பெயரில் வருவதால், துறவி மருத்துவராகவும் இருந்துவிட்டால் ‘சிஸ்டர் டாக்டர்’ என்று சொல்லித் தப்பிக்கிறோம். அப்படி ஒருவர் இருப்பதே ஒருகாலத்தில் அரிதாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூருக்கு வந்த மேரி குளோரி, துறவறத்தில் இருந்துகொண்டே மருத்துவம் பார்க்கத் திருத்தந்தையின் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவியவர் அவரே. 1957இல் இறந்தது பெங்களூரில்.

அப்படியானால் சரியான சொல் எது? வகையைக் குறிக்க ‘துறவறச் சகோதரி’; பெயருக்குமுன் அடைமொழியாக ‘அருட்சகோதரி’. இரண்டும் புதிதாக ஆக்கியவை அல்ல.

‘துறவு’ என்றால் காவி, காடு, ஊரைவிட்டு ஓடுதல் என்று நினைப்பவர்கள்தாம் இதற்குத் தடை சொல்கிறார்கள். அவர்கள் திருக்குறளைத் திறந்து பார்க்கலாம். துறவறவியலின் 13 அதிகாரங்களில் முதலாவது ‘அருளுடைமை’. ‘துறவு’ என்ற அதிகாரம் வருவது பதினோராவதாகத்தான். உறவினர்மேல் செல்வது அன்பு, உறவு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். ‘அருட்சகோதரி’க்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. சகோதரி என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவள். முன்னே ‘அருள்’ வந்து அந்த வயிற்றுத் தொடர்பை நீக்கிவிடுகிறது. அமுதசுரபி ஏந்திய மணிமேகலையும் துறவிதான். அவள் பசித்தவரைத் தேடிப் போனாளேயன்றி ஊரைவிட்டு ஓடவில்லை. பெண்துறவியருக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமும் இருந்ததில்லை. கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளில் ‘குரத்தி’ என்ற பெயர் இருக்கிறது. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் சென்ற கவுந்தியை இளங்கோ ‘அடிகள்’ என்கிறார். ஆணுக்கு வரும் அதே ‘அடிகள்’. இன்று ‘அடிகளார்’ குருக்களுக்கு மட்டும் போய்விட்டது. கேட்டால் மரபு என்பார்கள்.

‘உடன்பிறப்பு’ என்று தூய்மைப்படுத்தலாமா என்று கேட்பவருக்கு: வேண்டாம், கட்சி மாநாடு நினைவுக்கு வரும்.

அட்டையில் இருந்த ‘அமைச்சக’த்தை எப்படி விடுவது? இலத்தீன் ‘மினிஸ்தர்’ பணியாளைக் குறித்த சொல். அரசனின் பணியாளர் அமைச்சர் ஆனார், ஆலயத்தின் பணியாளர் அப்படியே பணியாளராக இருந்தார். ஆங்கிலம் இருவர் பணிக்கும் ‘மினிஸ்ட்ரி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. தமிழில் அமைச்சகம் விதான சௌதாவில் இருக்கிறது, சகோதரிகளின் இல்லத்தில் இல்லை. ‘ஊழியம்’ சீர்திருத்தச் சபைகளின் வழக்கு. ‘திருப்பணி’ என்றால் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது என்று தமிழர் புரிந்துகொள்வர். ‘அருட்பணி’ போதும். ‘சேவை மற்றும்’ என்று தொடங்கவே வேண்டியதில்லை. அந்த ‘மற்றும்’ தமிழ் உரைநடைக்குள் செய்த கேட்டை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

இவ்வளவுக்கும் நம் திருச்சபைத் தமிழ் வறுமைப்பட்டதன்று. ‘வார்த்தைப்பாடு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘சபதம்’ என்றால் வஞ்சினம் கேட்கும், ‘பிரமாணம்’ என்றால் நீதிமன்றம் கேட்கும். கொடுத்த வார்த்தைக்குள் தன்னை வைத்துக்கொள்வதை ‘வார்த்தைப்பாடு’ எவ்வளவு அடக்கமாகச் சொல்லிவிடுகிறது. முதல் வார்த்தைப்பாட்டிலிருந்து எண்ணித்தான் வெள்ளி, பொன், வைர விழாக்கள் வருகின்றன. சொல்லாக்கத்தில் அக்கறை கொண்டவர்களும் இத்துறவறத்தோடு தொடர்புடையவர்களே. 1844இல் புதுச்சேரியில் தமிழ்ப்பெண்களுக்காக மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கிய துபுய் சுவாமிதான், 1855இல் முசே சுவாமியோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை வெளிக்கொணர்ந்தவர். சபையும் அகராதியும் ஒரே மனிதரின் வேலையாக இருந்த காலம் அது. இன்று அழைப்பிதழ் அச்சாகும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.

அந்த அட்டையில் வந்திருக்க வேண்டிய வரி இதுதான்: ‘வாழ்நாள் முழுவதும் அருட்பணி ஆற்றிய துறவறச் சகோதரிகளைப் போற்றுகிறோம்.’ ‘கௌரவிக்கப்படுகிறார்கள்’ என்ற செயப்பாட்டு வினையில் கௌரவிப்பவர் யார் என்பதே மறைந்துபோயிருந்தது. பெயர்களை எழுதும்போது ‘அருட்சகோ.’ என்று குறுக்காமல் இருப்பதும் நல்லது. அக்குறுக்கம் சகோதரருக்கும் பொருந்துவதால், பட்டியலில் யார் ஆண், யார் பெண் என்று தெரியாமல் பொன்னாடை ஆள்மாறிப் போகும்.