ஐஎஸ்எஸ்என் கிடைத்துவிட்டால் ஆய்விதழ் ஆகிவிடாது

மாணவர் ஆய்விதழ் ஒன்றின் இணையத்தளத்தைக் காணவில்லை என்று போன கிழமையும் ஒரு குழுவினர் நூலகத்துக்கு வந்தார்கள். 2021இல் தொடங்கிய இதழ். அப்போதைய ஆசிரியர் தளத்தின் பெயரைத் தன் சொந்த அட்டையில் டொலர் கட்டி வாங்கியிருக்கிறார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் சுமார் 360 ரூபாவாகியது. வங்கிகளும் அட்டை வழியான வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை இறுக்கின. புதுப்பிக்க முடியவில்லை. அவரும் பட்டம் முடித்து வெளிநாடு போய்விட்டார். இன்று அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. கட்டுரைகள் முழுமையாக ஒருவரிடமும் இல்லை.

"ஐஎஸ்எஸ்என் எடுத்திருக்கிறம்தானே மிஸ், அங்க எல்லாம் பதிவாகி இருக்கும்தானே?"

இல்லை பிள்ளைகள். இந்தக் கேள்வியை இனியும் கேட்க எனக்குப் பொறுமையில்லை, ஆகையால் விரிவாகவே சொல்கிறேன். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் ஒரு வெளியீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் எட்டு இலக்க எண். அவ்வளவுதான். இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றத்தினூடாக அதைப் பெறலாம். சினிமாச் சஞ்சிகைக்கும் அது கிடைக்கும், ஆண்டுதோறும் வரும் சங்க மலருக்கும் கிடைக்கும். எண்ணை வழங்குபவர்கள் உங்கள் கட்டுரைகளை வாசித்துத் தரம் பார்ப்பதில்லை. மீளாய்வு, அதாவது துறை அறிந்த வேறொருவர் கட்டுரையை வாசித்து மதிப்பிடுவது, நடந்ததா என்று விசாரிப்பதில்லை. கட்டுரைகளைச் சேமித்து வைப்பதுமில்லை. ஆகவே அட்டையில் "ஐஎஸ்எஸ்என் அங்கீகாரம் பெற்ற சர்வதேச ஆய்விதழ்" என்று அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவது. காசு வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் கும்பல்கள் வாழ்வதே இந்தக் குழப்பத்தில்தான். அச்சுப் பதிப்புக்கும் இணையப் பதிப்புக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதையும், இதழின் பெயரை மாற்றினால் புதிய எண் தேவைப்படலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்தில் சில வேளை எக்ஸ் என்ற எழுத்து வரும். அது எண் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க உதவும் சோதனை இலக்கம், அச்சுப்பிழையென்று வெட்டிவிடாதீர்கள்.

நெருக்கடி வந்தால் எல்லாரும் முதலில் பதறுவது இதழ் பிந்துகிறதே என்றுதான். பிந்தட்டும். 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டன. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அந்தக் காலத்தில் இதழ் பிந்தியதை யாரும் குறையாகப் பார்க்கப்போவதில்லை. இரண்டு இதழ்களை ஒன்றாக இணைத்து, அதை ஆசிரியர் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதது முன்தேதியிடுவது. 2023 ஜூனில் வந்த இதழில் "டிசம்பர் 2022" என்று போடுகிறார்கள். வருடத்துக்கு வருடம் ஒழுங்காக வந்தமாதிரி இருக்குமாம்! அது பொய்ப் பதிவு. கட்டுரை வந்த திகதி, ஏற்றுக்கொண்ட திகதி, வெளியான திகதி மூன்றையும் உள்ளபடியே போடுங்கள்.

அடுத்து மீளாய்வு. ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டாவது மீளாய்வாளரைக் கைவிடுவார்கள். பக்கம் நிரம்பவில்லை என்று ஆசிரியர் குழுவே எழுதி, தானே ஏற்றுக்கொள்ளும். கட்டுரையாளரின் மேற்பார்வையாளரிடமே மீளாய்வுக்குக் கொடுத்த இதழையும் பார்த்திருக்கிறேன். மூன்று நல்ல கட்டுரைகளோடு மெல்லிய இதழாக வாருங்கள், பரவாயில்லை. இருளில் மெழுகுதிரி கொளுத்தி உங்கள் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்த விரிவுரையாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஆறு கிழமை அவகாசத்தோடு தன்மையாகக் கேளுங்கள், நன்றிக் கடிதமும் அனுப்புங்கள். ஐந்து நாளில் வேண்டும் என்று வட்ஸ்அப்பில் நெருக்காதீர்கள்.

இனிக் கட்டுரைகள் தொலையாமல் பாதுகாப்பது. இணையத்தில் ஆய்விதழ் நடத்த உதவும் ஓஜேஎஸ் மென்பொருள் இலவசம். பல்கலைக்கழக வழங்கியில் (சேவரில்) நிறுவித் தரும்படி கணினிப் பிரிவைக் கேளுங்கள். தனிப்பெயர் வேண்டுமென்றால் ரூபாவில் கட்டக்கூடிய, இலங்கைக்குரிய .எல்கே தளப்பெயரை எடுங்கள். வெளியான ஒவ்வொரு கட்டுரையையும் செனோடோவில் வையுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் 2013 முதல் நடத்தும் களஞ்சியம் அது. தளத்தின் முகவரி மாறினாலும் கட்டுரையைக் கண்டுபிடிக்க உதவும் டிஓஐ எண்ணும் ஒரு சதமும் இல்லாமல் தருவார்கள். ஓஜேஎஸ்ஸில் இயங்கும் இதழ்களுக்கென்று கட்டுரைகளின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இலவசப் பாதுகாப்பு வலையமைப்பு ஒன்றும் உண்டு. அதில் சேர ஐஎஸ்எஸ்என் கேட்பார்கள். அந்த எண்ணுக்கு உண்மையான பயன் இப்படியான இடங்களில்தான் இருக்கிறது. தமிழ் இதழென்றால் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005 முதல் எங்கள் வெளியீடுகளை அவர்கள் சேர்த்து வருகிறார்கள்.

மின்னஞ்சல் கணக்கு இதழின் பெயரில் இருக்க வேண்டும், ஆசிரியரின் பெயரில் வேண்டாம். கடவுச்சொற்கள் இரண்டு மாணவர்களிடமும் பீடத்தில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும். குழு மாறும்போது எல்லாவற்றையும் எழுதி ஒப்படையுங்கள். பொறுப்பெடுப்பவர் அங்கேயே, பழைய ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே, ஒவ்வொரு கணக்கையும் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.